டீ போச்சு... டப்பா இருக்கு!

ஸ்டாம்ப் சேர்க்கிறவருக்கு ஊரில் மரியாதை உண்டு. பழைய நாணயம் சேர்த்தால் பெரிய மனுஷர். "பழைய டீ டப்பா சேர்க்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்... "என்ன ஸார், பேரீச்சம்பழத்துக்குப் போடவா?" என்பார்கள். என் ஆபீஸில் அப்படித்தான் கேட்டார்கள். வீட்டில் தீர்ப்பே சொல்லியாகிவிட்டது: "ஒண்ணு அந்த டப்பாங்க இருக்கணும், இல்லே நான் இருக்கணும்!"

இருவரும் இருக்கிறார்கள்.

அது சரி, டீக்கு எதற்குத் தகர டப்பா? ஈரம், காற்று, வெளிச்சம், பக்கத்து வாசனை... நாலுமே தேயிலைக்கு ஜென்ம விரோதிகள். டீத்தூளைப் பொட்டலமாக மடித்து சாம்பார் பொடி பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மறுவாரம் குடிப்பது டீயா, ரசமா என்று பட்டிமன்றமே நடத்தலாம்! இறுக்கமாக மூடி போட்ட தகரம் நாலு பேரையும் வெளியே நிறுத்தியது.

1875-ல் லண்டனில் ராபர்ட் பார்க்ளே என்பவர், தகரத்தின் மேல் படம் அச்சடிக்க ஆஃப்செட் முறையைக் கண்டுபிடித்து பேடண்ட் வாங்கினார். அப்புறமென்ன... டப்பா மேல் பூங்கொத்து, யானை, ராஜா, ராணி! டீ தீர்ந்தாலும் டப்பாவைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? அடுக்களையில் கம்பெனிக்கு ஓசி விளம்பரம்!

இங்கிலாந்தில் 'மஸாவட்டி' என்று ஒரு டீ. 1880-களில் கிளம்பியது. டப்பாவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பாட்டி, கூடவே பேத்தி, கையில் கோப்பை. அக்மார்க் வெள்ளைக்காரக் குடும்பம். ஆனால் பெயர்? இந்தி 'மஜா'வையும், தோட்டம் என்று அர்த்தமுள்ள சிங்கள 'வத்த'வையும் ஒட்டுப் போட்டது. 'மஜாத் தோட்டம்'... நம்மூர் சினிமா டைட்டில் மாதிரி இல்லே?

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வாருங்கள். நம்மூர் டப்பாவின் வயசைக் கண்டுபிடிக்க சில வழிகள்:

* விலை அணாவில் இருக்கிறதா? நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். டப்பா அதற்கு முந்தியது.

* முகவரியில் பின்கோடு இருக்கிறதா? 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு பிறந்த குழந்தை!

* பார்கோடு இருக்கிறதா? கடைக்காரர் கற்பூரம் அணைத்து, "எங்க தாத்தா காலத்துது ஸார்" என்றாலும் நம்பாதீர்கள். கடையில் முதல் பார்கோடு விற்பனை நடந்ததே 1974-ல், அமெரிக்காவில்!

வாங்கி வந்ததும் தேங்காய் நார், பாத்திரப் பவுடர் பக்கம் போகாதீர்கள். பாட்டி, பேத்தி, யானை எல்லாம் தண்ணீரோடு போய்விடுவார்கள். உலர்ந்த மெத்துத் துணி போதும்.

என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது, அரை பவுண்டு சிலோன் டீ டப்பா ஒன்று. ஒரு பெண் கொழுந்து பறிக்கிறாள். முதுகில் கூடை, அதன் கயிறு தலையில். முகத்தில் சிரிப்பு.

யார் அவள்? 1867-ல் சிலோனில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1890-ல் தாமஸ் லிப்டன் அங்கே தோட்டங்களை வாங்கினார். பறித்த கைகள்? திருச்சி, சேலம், தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து கப்பலேறிய நம்ம ஜனங்களுடையது. 1948-ல் வந்த சிலோன் பிரஜா உரிமைச் சட்டம், அவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேர் சிலோனுக்கு... மூட்டை பிரிக்கிற கணக்கு! மிச்சமிருந்தவர்களுக்கு வழி பிறந்தது 2003-ம் வருஷத்துச் சட்டத்தில்.

டப்பாவில் கம்பெனி பெயர் இருக்கிறது. எடை இருக்கிறது. லண்டன் ஆபீஸ் முகவரிகூட இருக்கிறது. அந்த அம்மாவின் பெயர் மட்டும் இல்லை.

மற்ற டப்பாக்களை யாராவது நல்ல விலைக்குக் கேட்டால் கொடுத்துவிடுவேன் ஸார். இதுக்கு மட்டும் விலை சொல்ல எனக்கு வாய் வரலே.