சோளத்தட்டையும் பால்கோவாவும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும்தான் அதன் சரக்கு. பால் கொஞ்சம் புளித்திருந்தாலும் கடாயில் திரிந்துவிடும். அதற்கப்புறம் எத்தனை கைதேர்ந்த ஆள் கிண்டினாலும் பயனில்லை. ராஜபாளையம் பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலையில் கறக்கும் பாலுக்கும் வெயில்தான் எமன். அடுப்பேறும்வரை பாலைத் தாக்குப்பிடிக்க வைப்பதில் அதற்குள்ளேயே இருக்கும் ஒரு நொதிக்கும் பங்குண்டு: லாக்டோபெராக்சிடேஸ்.

மடியின் செல்கள் இதைச் செய்து வெளியே சுரந்துவிடுகின்றன. பசும்பாலில் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் இருக்கும். ஸ்வீடனின் ஹுகோ தியோரெல் குழுவினர் 1943-இல் இதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். நம் உமிழ்நீரிலும் கண்ணீரிலும் மூச்சுக்குழாய்ச் சளியிலும் இதற்கு வேலை உண்டு.

ஆனால் தனியாக இருந்தால் சும்மா கிடக்கும். தயோசயனேட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் சேர்ந்தால்தான் வேலை தொடங்கும். அப்போது உருவாகும் ஹைப்போதயோசயனைட், பாக்டீரியாவின் நொதிகளிலுள்ள கந்தகப் பகுதிகளைத் தாக்குகிறது. சர்க்கரையிலிருந்து ஆற்றல் எடுக்கும் வழி அடைபட, கிருமி பெருகாமல் நின்றுவிடும்.

தயோசயனேட் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தீவனத்திலிருந்து. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு விழுந்து செத்துப்போகும் என்பது கரிசல்காட்டு விவசாயிக்குத் தெரியும்; காரணம் அதிலுள்ள சயனைடு. அதே நஞ்சு தாங்கும் அளவில் உள்ளே போனால், மாட்டின் கல்லீரல் அதைத் தயோசயனேட்டாக மாற்றிவிடும். அது ரத்தத்தின் வழியே பாலுக்கு வரும். ஆகவே இந்த நொதியின் வேகம், மாடு எதைத் தின்றது என்பதையும் பொறுத்தது!

பெராக்சைடு கதை இன்னும் வேடிக்கை. பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களில் சிலவே அதை உண்டாக்கித் தங்களுக்கு எதிராகக் கொடுக்கின்றன. அதுவும் மிகுந்துபோனால் நொதியே செயலிழந்துவிடும்.

குளிர்பதன வசதி இல்லாத இடங்களுக்காக, தயோசயனேட், பெராக்சைடு இரண்டையும் துளியளவு சேர்த்து நொதியைத் தூண்டும் முறைக்கு சர்வதேச உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ் 1991-இல் வழிகாட்டுதல் தந்தது. 30 டிகிரி வெப்பத்தில் பால் 7, 8 மணி நேரம் தாங்கும். அதற்காகப் பால்காரர் தன் இஷ்டத்துக்குப் பெராக்சைடை ஊற்றினால் அது கலப்படம்தான்.

கோவாக் கடாயில் பால் கொதித்ததும் நொதியின் கதை முடிந்தது. வற்றிய ஈரமும் சர்க்கரையும்தான் பிறகு கோவாவைக் காக்கின்றன. ஆனால் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கும் பாஸ்டரைசேஷனில் லாக்டோபெராக்சிடேஸ் தப்பிவிடும்; பாஸ்படேஸ் என்ற இன்னொரு நொதி தப்பாது. பால் பண்ணைச் சோதனைக்கூடத்தில் இந்த வித்தியாசத்தையே அளவுகோலாக வைக்கிறார்கள். பாஸ்படேஸ் மிஞ்சியிருந்தால் சூடு போதவில்லை. லாக்டோபெராக்சிடேஸும் செத்திருந்தால், சூடு கூடிவிட்டது.