ஃப்ளூ ஊசி போட்டால் ஃப்ளூ வருமா? பீதி கிளம்பியது எப்படி?

ஃப்ளூ தடுப்பூசி என்றாலே, "ஊசி போட்டா மறுநாளே காய்ச்சல் வந்துரும்" என்ற பேச்சுதான் முதலில் கிளம்புகிறது.

கையில் போடும் ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ். அதனால் ஃப்ளூ வராது. கை வலி, உடம்பு வலி, லேசான காய்ச்சல் வரலாம். ஒன்றிரண்டு நாளில் போய்விடும். ஊசி வேலை செய்ய 2 வாரம் ஆகும். அதற்குள் ஃப்ளூ தொற்றினால் பழி ஊசி மேல்தான்!

அதற்காக எல்லாமே வீண் பீதி என்றும் தள்ள முடியாது. 1976-ல் அமெரிக்க ராணுவ முகாமில் பன்றிக்காய்ச்சல் பரவி வீரர் ஒருவர் பலியானார். அலறிப்போன அரசு, அக்டோபரில் தொடங்கி சுமார் 4½ கோடி பேருக்கு ஊசி போட்டுத் தள்ளியது. பயந்த மாதிரி நோய் பரவவே இல்லை. ஆனால் ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவர் வீதம் கூடுதலாக, கை, கால் செயலிழக்கும் 'கில்லன் பாரே' நோய் தாக்கியது. டிசம்பரில் ஊசி நிறுத்தப்பட்டது. ஜனங்களின் நம்பிக்கையும் போச்சு.

இப்போது வருஷா வருஷம் போடும் ஊசியில் இந்த ஆபத்து 10 லட்சத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். ஃப்ளூ வந்தாலே இதே நோய் தாக்கும் வாய்ப்பு அதைவிட அதிகம். முன்பு இந்த நோய் வந்தவர்களும், ஊசியால் அலர்ஜி ஆனவர்களும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்டபின் 15 நிமிடம் உட்காரச் சொல்வது அலர்ஜி, மயக்கம் வருகிறதா என்று பார்க்கத்தான். அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதீங்க.