சிறு கடைக்கும் ஒரு வேலி
சிங்கப்பூர் வாடகைச் சட்டம் கூறுவது என்ன?

பால்வெட்டும் தோட்டப் பாட்டாளிகளுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். கத்தியை அளவோடு செலுத்தினால் மரம் பல்லாண்டு பால் தரும். ஆழமாகச் செலுத்தினால் பட்டை புண்பட்டு, மீண்டும் சீராக வளராது. சிறு வணிகத்திற்கும் கடை வாடகைக்கும் உள்ள தொடர்பும் இத்தகையதே.

சிங்கப்பூரின் மேற்கிலுள்ள ஜூரோங்கும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற பூமியே. பூன் லே என்று இன்று வழங்கும் இடம், அங்கே தோட்டங்கள் வைத்திருந்த சியூ பூன் லேயின் பெயரைத் தாங்கியதாகும். 1961ஆம் ஆண்டில் தொழிற்பேட்டைப் பணிகள் தொடங்கின. 1968 ஜூன் 1ஆம் நாள் ஜூரோங் நகரக் கழகம் அமைந்தது. தோட்டங்கள் மறைந்து ஆலைகளும் குடியிருப்புகளும் எழுந்தன. பின்னர்ப் பேரங்காடிகளும் வந்தன. அவற்றில் உணவுக் கடையோ தையற் கடையோ நடத்தும் சிறு வணிகர்களுள் பலர் வாடகைதாரர்களே. சிங்கப்பூர் நிறுவனங்களில் நூற்றுக்கு 99 சிறு, நடுத்தர நிறுவனங்கள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பெரிய கட்டட உரிமையாளர் நீட்டும் ஒப்பந்தத்தில் சிறு வணிகர் பேரம் பேசுவது எளிதன்று. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மாத வாடகை 4,000 வெள்ளியுடன் விற்பனையில் நூற்றுக்கு 2. அல்லது விற்பனையில் நூற்றுக்கு 15. இரண்டில் எது பெரிதோ அதைச் செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. விற்பனை 20,000 வெள்ளியாகக் குறைந்த மாதத்தில் முதற்கணக்கின்படி 4,400 வெள்ளி. விற்பனை 50,000 வெள்ளியாக உயர்ந்த மாதத்தில் இரண்டாம் கணக்கின்படி 7,500 வெள்ளி. நல்ல மாதத்தின் பலனையும் கடைக்காரர் சேமிக்க இயலாது. கெட்ட மாதத்தின் சுமையும் குறையாது.

2020ஆம் ஆண்டில் கொவிட்-19 நோய் பரவிக் கடைகள் மூடப்பட்டபோது இந்த நிலை வெளிச்சத்திற்கு வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் செய்தது. அதன்படி தகுதி பெற்ற சிறு கடைகளுக்கு நான்கு மாத வாடகை வரை தள்ளுபடியாயிற்று. பாதிச் சுமையை அரசாங்கமும் மறுபாதியை உரிமையாளரும் ஏற்றனர்.

நோய்க்காலத் துணை நிலையான துணையாகாது. ஆகவே உரிமையாளர்களும் வாடகைதாரர்களும் கூடி நடத்தை நெறிமுறை ஒன்றை வகுத்தனர். 2021 ஜூன் முதல் அது விருப்பத்தின் பேரில் நடைமுறைக்கு வந்தது. ஜூரோங் நகரக் கழகத்தின் வழிவந்த ஜேடிசி போன்ற அரசாங்க உரிமையாளர்கள் அதை ஏற்றனர். எனினும் விருப்பமில்லாதவரைக் கட்டுப்படுத்துவது சட்டம் ஒன்றே. ஆதலின் மசோதா நாடாளுமன்றத்திற்கு வந்தது.

மசோதா என்பது சட்டமாகும் முன்னுள்ள வரைவு. முதல் வாசிப்பில் அது அறிமுகமாகும். இரண்டாம் வாசிப்பில் உறுப்பினர்கள் அதன் கொள்கையை விவாதிப்பர். பின்னர் விதிகளை ஆராய்ந்து மூன்றாம் வாசிப்பில் நிறைவேற்றுவர். அதன் பின்னர், எந்த இனத்திற்கும் பாரபட்சம் உண்டாகிறதா என்பதைச் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம் பார்க்கும். அதிபரின் ஒப்புதலுக்குப் பிறகே வரைவு சட்டமாகும். சில்லறைக் கடை வாடகை ஒப்பந்த மசோதா 2023 ஆகஸ்ட் 3ஆம் நாள் நிறைவேறியது. சட்டம் 2024 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ளது.

அதன் முக்கிய விதிகள் இவை:

வாடகையை ஒரே கணக்கு முறையில் விதிக்க வேண்டும். இரு தரப்பும் உடன்பட்டு விலக விரும்பினால், அதனை முறைப்படி அறிவிக்க வேண்டும்.

கட்டடத்தைப் புதுப்பித்துக் கட்டுவதற்காகக் கடையைக் காலி செய்யச் சொன்னால், முன்னறிவிப்பும் இழப்பீடும் தர வேண்டும்.

பிணக்கு எழுந்தால், செலவு மிகுந்த வழக்கிற்கு முன் சமரசப் பேச்சுக்கு வழியுண்டு.

இச்சட்டம் வாடகைக்கு உச்சவரம்பு விதிக்கவில்லை என்பதையும் அறிய வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட சில்லறைக் கடை ஒப்பந்தங்களுக்கே அது பொருந்தும். வேலி பயிரைக் காக்கும். ஆனால் நீர் பாய்ச்சுவது உழவன் கடமையன்றோ?

தோட்டத்தை விட்டு நகரம் சென்று சிறு கடை வைக்க எண்ணும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆகவே எங்குக் கடை எடுத்தாலும், கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: வாடகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது? இடையில் வெளியேற நேர்ந்தால் என்ன ஆகும்? பிணக்கை யார் தீர்ப்பார்? படிக்காமல் இட்ட கையொப்பம் பல்லாண்டுச் சேமிப்பைக் கரைத்துவிடக்கூடும்.