மூக்குக்கண்ணாடி: கடையிலா, இணையத்திலா?

நாற்பது வயதைத் தாண்டியதும் அரிசியில் கல் பொறுக்கவும், பூச்சிமருந்துப் போத்தலில் உள்ள அளவை வாசிக்கவும் கண் தடுமாறுவது இயல்பு. இதற்குரிய மூக்குக்கண்ணாடியைப் பட்டினத்துக் கடையிலும் வாங்கலாம். கைத்தொலைபேசி மூலம் இணையத்திலும் தருவிக்கலாம். இணையத்தில் விலை பெரும்பாலும் குறைவு. ஆனால் அந்த விலைக்குள் கண் பரிசோதனை அடங்காது.

இணையத்தில் வாங்குவோர் இரண்டு அளவுகளைத் தாமே கொடுக்க வேண்டும். ஒன்று, ஒவ்வொரு கண்ணுக்கும் உரிய வில்லையின் பலம். மற்றது, இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம். வளர்ந்தோருக்கு இது பெரும்பாலும் 54 முதல் 74 மில்லிமீற்றர் வரை. இது பிழைத்தால் தலையிடியும் கண் நோவும் வரலாம். தூரத்தையும் கிட்டத்தையும் ஒன்றிலேயே பார்க்கும் பைபோக்கல் கண்ணாடியை முகத்தில் வைத்து அளக்க வேண்டியிருப்பதால், அதைக் கடையில் வாங்குவதே நன்று.

எங்கே வாங்கினாலும் முதலில் கண்ணைக் காட்டுங்கள். குளுக்கோமா நோய் பெரும்பாலும் நோவில்லாமலே பார்வையைக் குறைக்கும். போன பார்வை திரும்பாது. நீரிழிவும் விழித்திரையைக் கெடுக்கும். இவற்றைக் கண்ணாடி மாற்றாது. அரசாங்க வைத்தியசாலைக் கண் சிகிச்சைப் பிரிவில் பரிசோதனை இலவசம். கண்ணாடிக்குரிய துண்டைக் கேட்டு வாங்குங்கள். கண்மணித் தூரத்தையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். துண்டு கையில் இருந்தால் இரண்டு இடத்து விலையையும் நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.