தகவல் துளி: சம்பளம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு?

மண்டகப்பட்டு, செஞ்சிப் பக்கத்திலிருந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு ஒரு தகவல்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனால், 2018 முதல் வாங்கும் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 9 சதவீதம். அங்கே வரிக் கணக்கில் குடியிருப்பவராக இருந்தால், ஆண்டு வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) வருமான வரி இல்லை.

வேலை நேரத்தையும் பாருங்கள். அமீரகத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம். இந்தியத் தொழிற்சாலைகளிலும் அதே அளவுதான். சிங்கப்பூரில் தொழிலாளர்களுக்கு 44 மணி நேரம். ஓவர்டைம் பார்த்தால் இந்தியாவில் இரு மடங்கு கூலி, சிங்கப்பூரில் ஒன்றரை மடங்கு. அமீரகத்தில் பகல் வேளைக்கு ஒன்றேகால் மடங்கு. அதையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். 'மொத்தம் இவ்வளவு' என்று ஏஜென்ட் சொன்னதும் மகிழ்ந்துவிடாமல், ஒப்பந்தத்தில் 'அடிப்படைச் சம்பளம்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து யார் செலவு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசுக்குச் செலுத்தும் லெவி என்ற கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் பிடிப்பது சட்டப்படி குற்றம்.

வெள்ளியையும் திர்ஹாமையும் ரூபாய் மதிப்பால் பெருக்கிப் பார்ப்பது பாதிக் கணக்கு. அங்கே ஆகும் செலவைக் கழித்து, மாதா மாதம் ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும் என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.