எவர்சில்வரில் எழுதும் ஒளி

லேசர் கடைகளின் பூச்சு வித்தைக்கு, கொல்கத்தாவில் ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய முன்கதை இருக்கிறது

பாத்திரத்தில் பேர் வெட்டாத தமிழ்க் குடும்பம் அபூர்வம். சீர்வரிசைத் தவலை முதல் டிபன் கேரியர் வரை, கடைக்காரர் மின்சார ஊசியால் புள்ளி புள்ளியாகக் கொத்தித் தருவார். இப்போது அந்த வேலைக்கு லேசரும் வந்துவிட்டது. ஆனால் எவர்சில்வர் அவ்வளவு சுலபத்தில் மசிவதில்லை. மரத்தையும் அக்ரிலிக்கையும் செதுக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். பளபளக்கும் எஃகின் மேல் பட்டால், கதிரின் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது.

இதற்குத் தீர்வு ஒரு பூச்சு. மாலிப்டினம் சேர்ந்த கலவையை எஃகின் மேல் மெல்லிசாகத் தடவிக் காயவிடுகிறார்கள். கதிர் பட்ட இடத்தில் கலவை சூடேறி எஃகோடு பிணைந்துவிடும். மற்ற இடங்களில் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். மிஞ்சுவது கறுப்பு எழுத்து.

ஒளி பட்டது நிற்கும், படாதது கழுவிப் போகும் என்ற இதே தத்துவத்தை நம்பித்தான் 1895இல் கொல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி பிளாக் தயாரிக்கும் தொழிலில் இறங்கினார். சிறுவர்களுக்கான தன் ராமாயண நூலின் படங்கள் மரக்கட்டை அச்சில் சிதைந்து வந்ததே காரணம். லண்டனிலிருந்து கருவிகளை வரவழைத்து, ஹாஃப்டோன் முறையைத் தானே கற்றார். உலோகத் தகட்டில் டைக்ரோமேட் கலந்த பசையைப் பூசி, நெகட்டிவ் வழியே ஒளி பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட பசை இறுகும், மற்றது தண்ணீரில் கரையும், பிறகு தகட்டை அரிக்க வைப்பார்கள். இதுதான் அந்தக் காலத்து பிளாக் வேலை. தன் சோதனைகளை அவர் லண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலரில் எழுதினார். 1911இல் மகன் சுகுமாரும் இதே கலையைப் படிக்க இங்கிலாந்து போனார். உபேந்திரகிஷோரின் பேரன்தான் சத்யஜித் ராய். சுகுமார் 1923இல் இறந்த சில ஆண்டுகளில் அச்சகம் குடும்பத்தின் கையை விட்டுப் போனது.

அன்று போலவே இன்றும் வெற்றி தோல்வி பூச்சில்தான். விரல் ரேகையின் எண்ணெய்ப் பசை இருந்தால்கூட எழுத்து உரியும். அதனால் முதலில் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பூச்சு தடித்தால் வெப்பம் எஃகை எட்டாது. மெலிந்தால் எழுத்து திட்டுத் திட்டாக வெளிறும். புகையை வெளியேற்ற விசிறி அவசியம். சாப்பாடு படும் உட்புறத்தில் இந்த வேலையே வேண்டாம்.

பூச்சு தேவைப்படாத ஃபைபர் லேசரும் இருக்கிறது. ஆனால் சூடு மிஞ்சினால், எஃகைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் கெட்டு, பேர் எழுதிய இடத்திலேயே துரு பிடிக்கும். அடிக்கடி கொதிநீராவியில் சுத்தம் செய்யப்படும் அறுவை சிகிச்சைக் கருவிகளில் இது விளையாட்டல்ல.

இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பக்குவம் மட்டும், வேண்டாத தகடுகளில் பூசிப் பூசிப் பார்த்த பிறகே கைக்கு வரும்.