சிங்கவரம் குன்றுச் சுற்று: ஓடவும் நடக்கவும்

இங்கே ஓட வருபவர்களுக்கு முதல் வேண்டுகோள்: படிக்கட்டில் ஓடாதீர்கள். மூச்சைச் சீராக்கிக்கொண்டு ஏறினால், மேலே பல்லவர் காலக் குடைவரையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். குன்றின் பாறையிலேயே செதுக்கிய திருமேனி. நீளம் சுமார் 24 அடி. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த செஞ்சி மன்னர் தேசிங்கு ராஜாவின் இஷ்ட தெய்வம் இவர். போருக்கு விடைகேட்டு வந்தவனைப் பார்க்க மனமில்லாமல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்க்கதை.

மேலிருந்து தெற்கே பாருங்கள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. இந்த மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதில்தான் செஞ்சிக் கோட்டை. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இந்தக் குன்றுகளில் யாரோ அடுக்கிவைத்தவை போலிருக்கும் உருண்டைப் பாறைகளை யாரும் அடுக்கவில்லை. கருங்கல்லின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, விளிம்புகளைத் தின்று உருட்டியவை அவை.

இறங்கியபின் செஞ்சிச் சாலைப் பக்கம் சமதளம், வேகம் கூட்டலாம். வழியில் திருநாதர் குன்றைத் தவறவிடாதீர்கள். ஒரே பாறையில் இரண்டு வரிசையாக 24 சமணத் தீர்த்தங்கரர்கள். பக்கத்துக் கல்வெட்டு, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரைச் சொல்கிறது. தமிழ்-பிராமி எழுத்து வட்டெழுத்தாக உருமாறிய காலத்து வரிகள். தொடவோ, மேலே மிதிக்கவோ வேண்டாம்.

கோடையில் ஒன்பது மணிக்கே பாறை சுடத் தொடங்கும். விடியற்காலையில் வாருங்கள், தண்ணீரோடு. தின்பண்டம் கையில் தெரிந்தால் குரங்குகள் உங்களைவிட வேகமாக ஓடும்.